மண்ணெண்ணெய் மணத்த கிணறு

இன்று காலை அள்ளிய தண்ணீரில் மண்ணெண்ணெய் மணத்தது. வாளியைக் கீழே வைத்தேன். மகள் பிரதேச சபைத் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தது நேற்றுத்தான். என் அண்ணையின் மகனும் அதே வட்டாரத்தில் நிற்கிறான்.

நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோதும் இதே கிணறு இப்படி மணத்தது. அம்மா அப்போது ஊர் மாதர் சங்கத் தலைவி. வீடுகளுக்கு இடையே போகும் ஒழுங்கையை அகலமாக்கவென்று சித்தப்பாவின் வேலியைப் பின்னுக்குத் தள்ளி அடைக்க வைத்திருந்தார். அன்று அம்மா யாரையும் ஏசவில்லை. குடத்தோடு நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனார்.

"தம்பி, எங்கடை கிணறு பழுதாப்போச்சு. தெளியுமட்டும் உங்கடை கிணத்திலைதான் அள்ளுவம்."

சித்தப்பா நிலத்தையே பார்த்தார். பிறகு தானே அள்ளி ஊற்றினார்.

இதை நான் மகளுக்குச் சொன்னதேயில்லை. அவள் வாளியை மணந்து பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

"எங்கை பிள்ளை போறாய்?"

"பெரியப்பா வீட்டை, தண்ணிக்கு."