மாவு மில்காரி படம் வரையப் போன கதை

படம் வரையக் கற்றுக்கொள்வதில் இருக்கிற பெரிய கஷ்டம், வரைந்ததை யாராவது பார்த்துத் தொலைப்பார்கள் என்பதுதான். நாற்பத்தாறு வயதில் பென்சில் பிடித்த எனக்கு இது நன்றாகத் தெரியும். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை போட்டவர்கள் இருந்தால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே இனம்.

பத்தாவது ஆள்

நைனார்பாளையத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரைத்த மிளகாய்த்தூளைக் கொடுக்க மகளிர் குழுக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே பாய் விரித்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கயல்விழி டீச்சர். ஓவியம் படித்துவிட்டு, சின்னசேலத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து சொல்லிக்கொடுக்கிற சின்னப் பெண். பத்துப் பேர் சேர்ந்தால்தான் கட்டடம் வகுப்புக்கு, இல்லாவிட்டால் உர மூட்டை அடுக்கிவிடுவேன் என்று குழுத் தலைவி சரசு சொல்லியிருந்தாராம். ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

நான் போட்டால் நாலு புள்ளிக் கோலமே கோணிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். டீச்சர் விடவில்லை. நோட்டை என் பக்கம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "நீங்க வரையவே வேணாங்க்கா. சும்மா உக்காந்துகினு இருங்க, போதும்."

அசையாப் பொருள்

முதல் பாடம், ஆடாமல் அசையாமல் இருக்கிற பொருளை வரைவது. டிராக்டர் ஓட்டுகிற ஏழுமலை, தன் கொல்லையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டைச் செடியை, அதாவது நிலக்கடலையை, வேரோடு, காயோடு பிடுங்கி வந்து நடுவில் வைத்தார். அரை மணி நேரத்தில் நான் மூன்று இலை வரைந்திருந்தேன். மூன்றும் மூன்று ஊர் இலை.

அப்போது திறந்திருந்த கதவு வழியாக ஒரு வெள்ளாடு உள்ளே வந்தது. யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் பாடத்தை மேய ஆரம்பித்தது. நாங்கள் 'ஏய், ஏய்' என்று எழுந்து கையை ஓங்கினோம். ஏழுமலை மட்டும் எழவில்லை. செடியை விட்டுவிட்டு அவசர அவசரமாக வேறு எதையோ வரைந்துகொண்டிருந்தவர் கத்தினார்: "யாரும் வெரட்டாதீங்க, இன்னும் காது பாக்கி இருக்குது!"

களி

அடுத்து முகம். வீட்டில் பழகிப் பாருங்கள் என்றார் டீச்சர். எனக்கு வீடு, வாசல் எல்லாம் மில்தான். கேழ்வரகு அரைக்க வந்த முருகேசனை மூட்டை மேல் உட்காரவைத்தேன். மனிதர் பாவம், மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தார். நான் மூக்கைப் பிடிப்பதா, மீசையைப் பிடிப்பதா என்ற தவிப்பில் அவர் கேழ்வரகை மிளகாய் மெஷினில் கொட்டிவிட்டேன். எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. படத்தையும் மாவையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. என்னங்க என்றேன். "படத்துல இருக்கறது யாருன்னு வூட்ல ஒருத்தருக்கும் தெரியலங்க. ஆனா களிய வாயில வெச்சதும் எல்லாருக்கும் உங்க நெனப்பு வந்துடுச்சி."

ஒரே பாய்

எங்கள் வகுப்பில் கோவிந்தசாமி அய்யாவும் இருந்தார், அஞ்சலையும் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அஞ்சலைக்கு அவர் நிலத்தில்தான் கூலி வேலை. ஏழாம் நாள் இரண்டு பேருக்கும் ஒரே பாய். அய்யா முதல் வாரம் தனக்கென்று பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். குனிந்து வரைய முடியாமல் அவரே இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் அவர் வரைந்த மாட்டை எட்டிப் பார்த்த அஞ்சலை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. எங்களுக்கெல்லாம் திக்கென்றது. "இன்னா அஞ்சல, இன்னா சிரிப்பு?" என்றார் அய்யா. அவள் தயங்கித் தயங்கி, "மாட்டுக்குப் பின்னங்காலு அந்தப் பக்கம் மடங்காதுங்கய்யா" என்றாள்.

அய்யா மாட்டைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். பிறகு ரப்பரை அவளிடம் நீட்டினார். அவள் நாலே கோட்டில் மாட்டை எழுப்பி நிறுத்தினாள். அய்யா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கிக் களையெடுக்கறப்ப இத ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

மலைமேல் இரண்டு வீடு

வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போனோம். சரிவில் ஓட்டு வீடு ஒன்று அழகாக இருந்தது. எதிரில் வரிசையாக உட்கார்ந்தோம். வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, டிஷ் ஆன்டெனாவைப் போடச் சொன்னார். போட்டோம். காற்றில் விழுந்துவிட்ட பலாமரத்தையும் போடச் சொன்னார். எங்கே நின்றது என்று கையைக் காட்டச் சொல்லி, அதையும் போட்டோம். பக்கத்து வீட்டை மட்டும் போடக் கூடாதாம். பேச்சுவார்த்தை இல்லையாம். விட்டோம்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து பத்து நோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் வீடு எங்கே என்று கேட்டார். டீச்சர் உட்பட எல்லோரும் பென்சில் சீவ ஆரம்பித்தோம். கடைசியில் பாயைச் சுருட்டி, அந்த வீட்டு எதிரே போய் விரித்து, முதலிலிருந்து வரைந்தோம். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நகரவே இல்லை. "கோட்ட இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடும்மா. அவ வூட்டவிட எங்களுது பெருசு."

முதுகுகள்

நடவுக் காலம் வந்தது. பத்துப் பேர் இருந்தாலும் சரி, உரம் அடுக்க வேறு இடமில்லை என்று சொல்லிவிட்டார் சரசு. கட்டட வாசலில் உர மூட்டை வண்டி நின்றது. ஒரே ஒரு நாள் எங்கள் படங்களைச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம் என்று தலைவி சரசுவிடம் டீச்சர் கெஞ்சி வாங்கியிருந்தார். கட்டடம் போனால் வகுப்பும் போச்சு. சும்மா உட்கார வந்தவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைக்காகவே நான் வாரம் முழுக்க மாவு அரைக்கிறேன் என்று.

அஞ்சலை வரைந்தது நடவு நடுகிற பெண்களை. பதினோரு பேர், எல்லோரும் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். ஒரு முகம்கூட இல்லை. வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஒருத்தி, "ஐயோ, இது நானு!" என்று கூவினாள். அடுத்தவள் வந்து தன் முதுகைக் கண்டுபிடித்தாள். அரை மணியில் தெருவே உள்ளே இருந்தது. அது உன் இடுப்பு, இது என் கொண்டை என்று ஒரே சிரிப்பு, ஒரே இடி. கோவிந்தசாமி அய்யா வரப்பில் குடையோடு நிற்கிற தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார். கட்டைவிரல் அளவுதான் இருந்தார். ஆனாலும் மூன்று முறை வந்து பார்த்தார். அஞ்சலையோ உள்ளே வர வெட்கப்பட்டு வெளியே வண்டி மறைவில் நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சரசுவும் நடவுக்குப் போகிறவர்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கோடியில் இருந்த அகலமான முதுகின் எதிரே நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார். மறுபடி முதுகைப் பார்த்தார். வாசலைப் பார்த்து வண்டிக்காரரிடம் குரல் கொடுத்தார்: "மூட்டைய எங்க வூட்ல கொண்டுபோய் எறக்குங்க. என்னைய இந்தச் செவுத்துலேந்து எவனும் கழட்டக் கூடாது!"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் பத்தாமல் கோணி விரித்து உட்காருகிறோம். வட்டம் போட்டால் பூசணிக்காயாக வருவது எனக்கு ஒருத்திக்குத்தான், அதில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.