ஃப்ரீசருக்குப் போன பாட்டில்

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘லேபிள் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கிடைத்ததற்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிவிடுவாள். வீட்டில் சர்க்கரை டப்பாவில் ‘சர்க்கரை’ என்று ஒட்டியது போதாதென்று, வாங்கிய தேதியையும் போட்டு வைத்தவள். கணவரின் நெற்றியில் இன்னும் ஒட்டாததே பெரிய விஷயம்.

அவள் வேலை செல் வளர்ப்பது. அடிபட்டால் ரத்தம் நிற்காத நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, வாரக்கணக்கில் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு, கடைசியில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களாக மாற்றித் தருவாள். ‘காயம் பட்டிருக்கிறது, ஓடி வா’ என்ற செய்தி அந்தத் தட்டணுவுக்குள் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா ஆராய்வார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ஒருவரின் செல்லும் வேண்டுமே? இவளே கையை நீட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை சோதனை. காயம் பட்ட இடத்தில் வெளியே தெரியும் கொலாஜன் என்ற புரதத்தைச் சொட்டுவிட்டார்கள். நல்ல தட்டணுவாக இருந்தால் அது பட்டதும் விழித்துக்கொள்ள வேண்டும். நோயாளியுடையது அசையவில்லை, அது எதிர்பார்த்ததுதான். இவளுடையதும் அசையவில்லை. மறுபடி செய்தார்கள். தட்டணு விழித்தால் ஏற வேண்டிய கோடு திரையில் படுத்தே கிடந்தது.

வியாழக்கிழமை அவள் மகளுக்கு டான்சில் ஆபரேஷன். அம்மா ரத்தத்தில் இருக்கும் குறை பிள்ளைக்கும் வந்திருந்தால்? வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கணவருக்கு போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் அழுதேவிட்டார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா யோசனையாக உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஆபரேஷன நிறுத்தச் சொல்லிடட்டுமா?”

“கொஞ்சம் பொறும்மா. கொலாஜனுக்குப் பதிலா த்ராம்பின் போட்டு எழுப்பினப்போ உன் செல் நல்லாத்தானே முழிச்சுது? இந்தக் கொலாஜன எங்கேருந்து எடுத்தே?”

“ஃப்ரீசர்லேருந்து மேடம்.”

“ஃப்ரீசர்ல யாரு வெச்சா?”

போன வாரம் ஃப்ரிட்ஜைத் துடைத்து ஒழுங்கு பண்ணியபோது, அந்த பாட்டிலுக்குப் புது லேபிள் ஒட்டி இடம் மாற்றியது அவளேதான். நகத்தால் மெல்ல அந்த லேபிளை உரித்தாள். அடியில் சிவப்பு எழுத்தில் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்தான்: உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் கொலாஜனின் இழைகள் கெட்டுவிடும். அப்புறம் அது எதற்கும் உதவாது.

பக்கத்து ஆய்வகத்திலிருந்து புது பாட்டில் வந்தது.

“வளர்த்த செல்ல மட்டும் நம்பி வீட்டுக்குப் போக வேணாம். கையக் குடு” என்று டாக்டரம்மா அவள் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார். புதுக் கொலாஜனைச் சொட்டியபோது நோயாளியின் கோடு பழையபடி படுத்தே இருந்தது. வளர்த்த செல், புது ரத்தம் என்று இவளுடைய இரண்டு கோடுகளும் சரசரவென்று மேலே ஏறின. அவள் மறுபடி வராந்தாவுக்கு ஓடினாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

முதல் மணியிலேயே கணவர் போனை எடுத்துவிட்டார்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தப்பு என்னோடதுதான். முழுக்க முழுக்க நான்தான்.”

“பதினஞ்சு வருஷமா உன் வாயால இதக் கேக்கணும்னு இருந்தேன்” என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “இப்படி அழவெச்சுட்டுத்தான் சொல்லணுமா?”