கித்தேரியம்மாள் கொடுத்த கண்கள்

எங்கள் பக்கத்து வீட்டுக் கித்தேரியம்மாள் அக்காவுக்கு இடது கண், சின்ன வயதில் அம்மை கண்டபோதே போய்விட்டது. வலது கண்ணைக் கெடுத்தது புருஷன் சூசைமாணிக்கம். எங்கள் மலையில் அடுக்கம் ஊர்ப் பக்கம் கல் உடைக்கப் போகிறவன். எழுபத்தொன்பதில் ஒரு மழை நாளில், சோறு குழைந்துவிட்டதென்று விறகுக் கட்டையால் முகத்தில் அடித்தான். கருவிழி கிழிந்தது. புண் ஆறியபோது வெள்ளையாகத் தழும்பு விழுந்திருந்தது.

பதினான்கு மாதம் அக்கா சுவரைத் தடவித்தான் நடந்தார். அப்போதும் அடி நிற்கவில்லை. எந்தப் பக்கமிருந்து வரும் என்பதுதான் தெரியாமல் போயிற்று. கடைசியில் கான்வென்ட் சிஸ்டர்கள் மதுரைக்கு அழைத்துப் போனார்கள். செத்துப்போன யாரோ ஒருவருடைய கருவிழியை வலது கண்ணில் வைத்துத் தைத்தார்கள். அது ஆணா பெண்ணா என்றுகூட அக்காவுக்குத் தெரியாது. கல்லறைத் திருநாளில் பெயர் தெரியாத அவருக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்.

எண்பத்து மூன்று ஜனவரியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, வெடி வைத்த பாறை சரிந்து சூசைமாணிக்கத்தின் நெஞ்சு நொறுங்கியது. முகத்தில் கீறல்கூட இல்லை. உடலை வீட்டில் கிடத்தியதும் அக்கா அழாமல் நேராகக் கான்வென்டுக்கு ஓடி, மதுரைக்குப் போன் போடச் சொன்னார். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்டிருந்தார். ஜீப் மலையேறி வரவே நான்கு மணி நேரம் ஆகும்.

எங்கள் ஊர்க் குளிரில், துக்க வீட்டில் பிணத்தின் அருகே கரிக் கணப்பு வைப்பது வழக்கம். சூட்டில் கண் காய்ந்துவிடும் என்று அக்கா கணப்பைத் தூக்கி வாசலில் வைத்தார். இமைகளின்மேல் ஈரப் பஞ்சு வைத்தார். குளிர்காயக்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பண்ணைக்காட்டிலிருந்து வந்த கொழுந்தன் பவுல்ராஜ், பஞ்சு எதற்கென்று கேட்டான். அக்கா மறைக்கவில்லை.

அவன் வாசலுக்கு வந்து கணப்பை எட்டி உதைத்தான். கனல் சிதறி ஒரு கிழவியின் சேலை பற்றிக்கொண்டது. அதை அணைப்பதற்குள் அரிவாளோடு வந்து நின்றான். பங்காளி சம்மதம் இல்லாமல் பிணத்தைத் தொடுகிறவனுக்குக் கை இருக்காது என்றான். ஒரு மணிக்கு ஜீப் வந்ததும் அதன் முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். சில்லு பட்டு, உள்ளே இருந்த டாக்டரின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. டாக்டரை உள்ளே விட்டுவிட்டு, பவுல்ராஜ் நுழையாதபடி அக்கா வாசலை அடைத்து நின்றார்.

“ஏ மதினி, எங்கண்ணன் ஒன் கண்ணக் கெடுத்தான்னு, செத்த பெறகு அவன் கண்ணத் தோண்டுறியா?”

“ஆமாலே. காலைல எனக்கும் அந்த நெனப்புதான் மொதல்ல வந்துச்சு. எம்மனசு கெட்டதுன்னே வச்சுக்க. அதுக்கு எவளோ ஒருத்தி ஏன் செவுரத் தடவணும்?”

அவன் அரிவாளைத் திருப்பி மொட்டைப் பக்கத்தால் அடித்தான். அக்காவின் வலது முன்கை முறிந்த சத்தம் எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது. அவர் நகரவில்லை. சூசைமாணிக்கத்தோடு கல் உடைத்தவர்கள் பாய்ந்து பவுல்ராஜைத் தரையில் அமுக்கினார்கள். அவர்களும் சும்மா விடவில்லை. அவனுக்கு இரண்டு பல் போயிற்று.

டாக்டர் நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கண் எடுக்கச் சம்மதம் என்ற படிவத்தை நீட்டினார். பெண்கள் வலது பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, தொங்கிய கையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

“எடது ஆகாதாங்க? வெரசாப் பாருங்க, மணி ஆகிருச்சு” என்றார் அக்கா.

டாக்டர் மைப்பெட்டியை இடது பக்கம் நகர்த்தி வைத்தார்.