என் கணையத்தில் இருந்த கட்டி

வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிப்பது என் வேலை. வெடித்தது, வெளுத்தது, கோணலானது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. கை தானாகக் கழிவுக் கூடையில் போட்டுவிடும்.

அந்தக் கண்ணோடுதான் என் ஸ்கேன் படத்தையும் பார்த்தேன். கணையத்தின் வால் பகுதியில் உருண்டையாக ஒரு நீர்க்கட்டி. கேன்சராகவும் இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் கோட்டயத்து டாக்டர். எனக்கோ அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலைகளை மகளிடம் நீட்டினேன். அவள் அழுதாள். "அழாம எடுத்து வைடி" என்று எரிந்து விழுந்தேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார்.

கடைசியில் டாக்டர் சிரித்தபடி வந்தார். "பேடிக்க வேண்டாம் அம்மா, பயமே வேண்டாம், கேன்சர் இல்லை. பிறக்கும்போதே மண்ணீரலோட ஒரு துண்டு வழி தவறி கணையத்துக்குள்ள போய் இருந்திருக்கு. அதுல நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். ரொம்ப அபூர்வம். ஆனா கெடுதல் இல்லை."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க தாத்தா போடியிலருந்து மலையேறி வண்டன்மேட்டுக்கு வந்து அங்கயே இருந்துட்ட மாதிரிதான். பாவம், அது யாரை என்ன செஞ்சுச்சு?"

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அழுகையும் வந்தது.

கோணல் காய் இப்போதும் கழிவுக் கூடைக்குத்தான் போகிறது. ஆனால் போடுமுன் சில சமயம் ஒன்றை உரித்து முகர்ந்து பார்க்கிறேன். வாசனையில் ஒரு குறையும் இல்லை.