துப்பாக்கி எட்டும் தூரம்

இருபத்தைந்தாவது கூழாங்கல்லை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றும்போது வலப்பக்கம் ஒரு கம்பி வேலி தெரிந்தது. ஒரு கல்லுக்கு நூறு மீட்டர். வரைபடத்தின்படி அவன் வழியில் வேலியே கிடையாது. வேலி முந்நூறு மீட்டர் கிழக்கே இருந்தது. ஆகவே அவனும் முந்நூறு மீட்டர் கிழக்கே இருந்தான்.

நேற்றும் இதே கதைதான். கிழக்கே விலகி, தேடித் திரும்பி, குறித்த இடத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். இரண்டாவது தாமதத்துக்கு மன்னிப்பில்லை. லாரி வரும், மூட்டையோடு ஏற வேண்டும், மறுபடி விண்ணப்பிக்க இரண்டு வருடம் ஆகும்.

வாஹின் மூட்டையைக் கழற்றாமல் ஒரு வாண்டூ மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். முப்பத்தொரு கிலோ. கழற்றினால் திரும்ப மாட்ட ஒரு நிமிடம் வீணாகும்.

தேர்வு முகாமில் அவனுக்குப் பெயர் இல்லை, பதினேழு. பெயர் இருந்த காலத்தில் அவன் காட்டானிங் என்ற சிற்றூரில் பிறந்தவன். கோகோஸ் தீவிலிருந்து எழுபதுகளில் வந்த குடும்பம். அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தார். பிள்ளைகள் ஐந்து பேரில் இரண்டு பேர் அதே வரிசையில் போய் நின்றார்கள். வாஹின் ஒரு வருடம் தோல் கொட்டகையில் உப்பு வாரிவிட்டு ராணுவத்தில் சேர்ந்தான். டார்வினில் ஆறு வருடம் வண்டி மெக்கானிக். அவன் சரிசெய்த வண்டிகளை எடுத்துப்போகச் சிலர் தாடியோடு வருவார்கள், எங்கே போகிறோம் என்று சொல்ல மாட்டார்கள், மூன்று வாரம் கழித்து செம்மண்ணோடு திரும்பி வருவார்கள். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே அவர்களைப் பார்த்துப் பழகினான். பிறகு அவர்களுடைய சிறப்புப் படைக்கு விண்ணப்பம் எழுதினான்.

அவர்களுடைய வேலையில் சுடுவது கொஞ்சம்தான். நான்கைந்து பேராகப் போய், யாருக்கும் தெரியாமல் நாள்கணக்கில் கிடந்து, கண்டதைக் கண்டபடி சொல்வதுதான் பெரும்பகுதி. சொன்ன இடம் முந்நூறு மீட்டர் பிசகினால் குண்டு வேறு யார் வீட்டுக் கூரையிலோ விழும். அதனால்தான் பாராசூட்டும் ஆழ்கடல் நீச்சலும் வெடிமருந்தும் கற்றுக்கொடுக்க ஒன்றரை வருடம் செலவிடுவதற்கு முன்னால், மூன்று வாரம் ஆளைத் தனியாகக் காட்டில் நடக்கவிடுகிறார்கள். பயிற்சியாளர்கள் பாராட்டுவதில்லை, திட்டுவதுமில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில், உன்னால் ஆனதைச் செய்.

இரும்புக்கல் பூமி, காம்பஸை ஏமாற்றும் என்று பலர் பழியைத் தரைமேல் போடுவார்கள். வாஹினும் நேற்று போட்டான். இப்போது தண்ணீர் குடிக்க வேண்டி, துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்து, காம்பஸை எட்டத் தள்ளி மண்ணில் வைத்தான். முள் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. கையில் எடுத்தான், பழையபடி நின்றது. திரும்ப வைத்தான், திரும்பியது.

மண் மேல் குற்றமில்லை. மார்பில் தொங்கிய துப்பாக்கிதான் முள்ளை இழுத்திருந்தது. ஏழு பாகை.

முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் அது. இரும்போடு ஆறு வருடம் பிழைத்தவனுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் இன்னொரு பாடமும் உண்டு. துப்பாக்கி எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முந்தாநாள் காலை ஒன்பதாம் எண் பல் துலக்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கி நாலடி தள்ளிக் கிடந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே லாரி ஏறினான். அதற்கப்புறம் எல்லோரும் துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டார்கள். வாஹின் வாரை இறுக்கி மார்போடு கட்டிக்கொண்டான். அந்தப் பயம்தான் முந்நூறு மீட்டர்.

துப்பாக்கியை ஐந்தாறடி தள்ளி வைத்துவிட்டுத் திசை பார்க்கலாம். யாரும் பார்க்கவில்லை என்று தோன்றும் இடத்தில்தான் பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தவிர, விதி விதிதான்.

மூட்டையைக் கழற்றினான். ஒரு நிமிடம் போனால் போகட்டும். குப்புறப் படுத்தான். இடது கையை முழுக்க நீட்டித் துப்பாக்கியின் கட்டையைத் தொட்டான். வலது கையை முழுக்க நீட்டி, விரல் நுனியில் காம்பஸை வரைபடத்தின் மேல் வைத்தான். தலையை அந்தப் பக்கம் திருப்பி, கன்னத்தை மண்ணில் வைத்து முள் அடங்கக் காத்திருந்தான்.

அப்போதுதான் வண்டி வந்தது. ஓட்டியவர் சார்ஜென்ட் ட்ரெகியர். பயிற்சியாளர்கள் எல்லோரையும் போல அவரையும் ‘ஸ்டாஃப்’ என்றுதான் கூப்பிட வேண்டும். பக்கத்தில் மருத்துவ உதவிக்கு ஜில். இதைப் பிறகு முகாமில் இருந்த எங்களிடம் சொன்னவள் அவள்தான். செத்துப்போய்விட்டான் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாளாம். ட்ரெகியர் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றடி தூரத்தில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"தூக்கமா, பதினேழு?"

"இல்ல ஸ்டாஃப். வடக்கு பாக்கறேன்."

"படுத்துக்கிட்டா?"

"துப்பாக்கி இந்தக் கைல, காம்பஸ் அந்தக் கைல. இதுக்கு மேல நீளமா எங்கம்மா என்னப் பெக்கல."

ட்ரெகியர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வண்டியில் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது, பின்சீட் காலியாக இருக்கிறது, ஏறிக்கொண்டால் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். எல்லோரிடமும் எல்லா நாளும் சொல்வதுதான். பலர் ஏறியிருக்கிறார்கள்.

வாஹின் தலையைத் தூக்கவில்லை.

"வண்டியக் கொஞ்சம் பின்னால எடுக்கறீங்களா, ஸ்டாஃப்?"

"என்னது?"

"இப்பதான் முள்ளு அடங்குச்சு. உங்க வண்டியப் பாத்து மறுபடி திரும்பிடுச்சு. ஐம்பதடி போனாப் போதும்."

ஜில் இருமினாள். ட்ரெகியர் துப்பாக்கிக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மறுகை விரல்களை. நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். ஒரு வரிக்கு மேல் இருக்காது. ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஐம்பதடி கேட்டவனுக்கு நூறடி கொடுத்தார்.

முள் அடங்கியது. நேர்க்கோட்டில் கறுத்துப்போன ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு வாஹின் எழுந்தான். மூட்டையை மாட்டினான். ஒவ்வொரு ஐந்நூறு மீட்டருக்கும் மூட்டையோடு அப்படியே படுத்து எழுந்தான். ஓடை திரும்பும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய மரத்தடிக்குப் போனபோது பதினோரு நிமிடம் மிச்சம் இருந்தது. அங்கே இருந்தவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்தின் வரைபட எண்களைக் கொடுத்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுப்பினார்கள். மூட்டைகளை எடை போட்டார்கள். லாரியில் மூன்று பேர் போனார்கள். காலையில் பிஸ்கட்டும் டின் மீனும். வாஹினுக்கு நான்கு இடங்கள் தந்தார்கள், நான்கையும் நேரத்துக்குள் கண்டுபிடித்தான். இடது குதிகாலில் தோல் உரிந்தது, ஜில் பிளாஸ்டர் ஒட்டினாள். மூன்றாவது இடத்தில் ட்ரெகியர் இருந்தார், நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவருடைய வண்டி நூறடி தள்ளி நின்றது.