கிட்டங்கியில் காய்ந்த முல்தானி மெட்டி

என் முகத்தில் அப்பளம் பொரிக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி மேசைக்கு நின்றுகொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போது துடைத்த முகம், ராஜபாளையத்தில் இறங்கும்போது மறுபடி மினுங்கும். அதன்மேல் பருக்கள். கன்னத்தில் பழுத்தது, நெற்றியில் அன்று காலைதான் கிளம்பியது, மூக்கு நுனியில் முறைத்துக்கொண்டு நிற்பது என்று சகல வயதிலும் இருக்கும். "அகத்தின் அழகு முகத்துல தெரியும்பாக. ஒனக்கு உள்ள என்னதாம்லே இருக்கு?" என்று பஸ்ஸில் கூட வரும் ஒருவர் தினமும் விசாரிப்பார். பால்கோவாவைத் தொடாதே என்று வேறு ஆளாளுக்குச் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனிடம் சொல்லுகிற பேச்சா அது?

முகம் போனால் போகட்டும், வாய் எனக்கு நன்றாக வாய்த்திருந்தது. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்த வேட்டி மேசையில்தான். வருகிறவர் ஒரு சொலவடை சொன்னால் நான் இரண்டு சொல்வேன். அவர் மூன்றாவதைச் சொல்லிவிட்டு, ஒரு துண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்வார். ஆலங்குளம் பக்கம் பருத்தி போடும் சம்சாரி ஒருவர், "வேட்டி எங்கயும் கெடைக்கும். இம்புட்டுப் பேச்சு எந்தக் கடையில குடுப்பான்?" என்று சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு அந்த மேசையைவிட நல்ல இடம் உலகத்தில் இருந்ததாகத் தோன்றவில்லை.

அந்த இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன். பருவுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டால் மூன்றே நாளில் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பிக்கொண்டு கிடந்தேன். வேப்பிலை கழுவப் போய்விட்டது, மஞ்சள் போகவில்லை. திங்கள்கிழமை காலை மஞ்சள் முகத்தில் சிவப்புப் பருக்களோடும் வேப்பிலை வாசனையோடும் கடையில் நிற்கிறேன். முகூர்த்த வேட்டி எடுக்க ஒரு கல்யாணக் கூட்டம் வருகிறது. பத்துப் பதினைந்து பேர். முன்னால் வந்த அம்மா, பெண்ணைப் பெற்றவர் போலிருக்கிறது, என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, எத்தன தண்ணி ஊத்தியிருக்கு?"

எங்கள் பக்கத்தில் அம்மை கண்டவருக்கு, அது இறங்கியபின் வேப்பிலை போட்ட தண்ணீரை நாள் விட்டு நாள் ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடியாமல் வாசல் தாண்டக் கூடாது. அந்த அம்மா கேட்டது அதைத்தான்.

"அம்மை இல்லம்மா, இது பரு."

"ஆத்தா வந்திருக்கான்னு சொல்ல என்னய்யா வெக்கம்? பரு கிருன்னு சொல்லாத, அவ கோவிச்சுக்கிடுவா" என்றவர், என் முகத்தைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "மூணு தண்ணி ஊத்தாத புள்ள கையால முகூர்த்த வேட்டி எடுக்கப்படாது. பொறவு வாரோம்" என்று அத்தனை பேரையும் திருப்பி அழைத்துப் போய்விட்டார். என்னைச் சாமி என்று கும்பிட்டது அவர் ஒருவர்தான். வேலைக்கு வேட்டு வைத்ததும் அவர்தான்.

முதலாளிக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு முன்னால் வந்து நிற்கும். "ஏமிரா இது? கடையா, மாரியம்மன் கோயிலா?" என்றார். "மூஞ்சி தெளியுற வரைக்கும் மேல கிட்டங்கியில கெட. தீபாவளி யாவாரத்துக்குள்ள தெளியலன்னா, அந்த மேசைக்கு வேற ஆளப் போட்டுருவேன், சொல்லிட்டேன்."

கிட்டங்கி என்றால் இரண்டாவது மாடி. லாரியில் வரும் பேல்களை, சாக்குச் சுற்றிக் கட்டிய துணி மூட்டைகளை, அங்கேதான் அடுக்கி வைப்பார்கள். பிரிப்பது, எண்ணுவது, கீழே அனுப்புவது என் வேலை. சம்பளத்தில் கைவைக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். ஆனால் பேலிடம் என்ன சொலவடை சொல்வது? சொன்னாலும் அது திருப்பிச் சொல்லுமா?

மூன்றாம் நாள் மத்தியானம். முதலாளி சாப்பிட்டு ஒரு தூக்கம் போட வீட்டுக்குப் போயிருந்தார். வெயிலுக்குக் கடையில் ஈ காக்கை இல்லை. நான் டீ குடித்துவிட்டு மேலே வந்தால், பேல்களுக்கு நடுவே இரண்டு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் முகம் இல்லை. மண் நிறத்தில் ஒரு தகடு, அதில் கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை.

நான் போட்ட சத்தத்தில் ஒரு தகடு குலுங்கியது. வாயைத் திறக்காமல் வயிறு மட்டும் சிரித்தது. அப்புறம் கன்னத்தில் ஒரு கீறல் ஓடி, மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஒங்களாலதாண்ணே வெடிச்சிருச்சு! இன்னும் செத்த நேரம் கழிச்சு வந்து பயந்தா என்ன?"

குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். கீழே சேலைப் பகுதியில் நிற்கும் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள். சத்திரப்பட்டிப் பக்கம் வீடு. பக்கத்தில் இருந்தவர் ரவிக்கைத் துணி கிழிக்கும் அக்கா. முப்பது வயதிருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பாய்க்குத் தங்கை. இரண்டு பேருக்கும் என்னை மாதிரியே எண்ணெய் வழியும் முகமாம். நான் கவனித்ததே இல்லை. ஏனென்றால் அவர்களுக்கு வழியவில்லை.

அக்கா தன் மண்ணைக் கழற்றிய விதத்தை மறக்க முடியாது. ஈரக் கையால் நாலு தட்டுத் தட்டி, தாடையில் ஒரு நுனியைப் பிடித்து மேலே உரித்தார். முகம் முழுவதும் ஒரே துண்டாகக் கையில் வந்தது. மண்ணுக்கு அடியில் பேண்டேஜ் துணி. சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு அந்தத் துணி நெய்வார்கள். அந்தப் பெண்ணின் வீட்டிலும் தறி உண்டு. ஓரத்தில் வெட்டிப் போடும் துண்டுகளை அலசிக் காயவைத்துக் கொண்டுவருவாள். துண்டில் கண், மூக்கு, வாய்க்கு ஓட்டை வெட்டி, பன்னீரில் நனைத்து முகத்தில் ஒட்டி, அதன்மேல் அக்காவின் அண்ணன் கடையில் வாங்கிய முல்தானி மெட்டி மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். சும்மா மண்ணைப் பூசினால் காய்ந்து உதிரும். சுற்றிலும் புதுச் சேலை. ஒரு துளி மண் பட்டாலும் வேலை போய்விடும். அதற்காகக் கண்டுபிடித்த வழி இது.

"இந்தா, ஒக்காரு" என்றார் அக்கா.

"எனக்கா? ஆம்பளைக்கு எதுக்குக்கா?"

"ஆம்பள மூஞ்சியில வழியிறது மட்டும் நெய்யாக்கும்? ஒக்காரு தம்பி."

கிட்டங்கிக் கதவு விரியத் திறந்தே இருக்க வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. மண் காயும்வரை, பூசியவர் பேசக் கூடாது, பேசினால் வெடித்துவிடும். நான் சேர்ந்து மூன்று பேரானதும், ஒருவர் பூசாமல் இருந்து மற்றவர்களுக்குப் பேச்சுத் துணையாக இருப்பது என்று ஆனது. முறை வைத்து மாற்றிக்கொண்டோம். ஆக, வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை.

அக்கா முதலில் பிடித்தது என் தலையைத்தான். நான் காலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தலையில் தேய்த்து, படியச் சீவிக்கொண்டு வருவேன். "தலைக்கு வச்ச எண்ணெய் நெத்திக்கு எறங்குனா, நெத்தி என்ன செய்யும்? பாவம், அது பரு போட்டு அழுவுது" என்றார். அடுத்து, "மூஞ்சிய எதுல தொடைக்க?" என்று கேட்டார். தோளில் கிடந்த துணியைக் காட்டினேன். அலமாரித் தூசி தட்டுகிற அதே துணி. அந்தப் பெண் பேல்மேல் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இவிய மூஞ்சியில இருக்கது பரு இல்ல, நம்ம கடை ஸ்டாக்கு!"

நான் மூக்கு நுனியைக் கிள்ளப்போனால் அக்கா கையில் தட்டுவார். "பருவும் விருந்தாளியும் ஒண்ணு தம்பி. விட்டா தானாப் போயிரும். வெரட்டுனா தழும்பு." எனக்கு அப்போது வாய் கட்டிக் கிடந்தது. இல்லாவிட்டால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன், அது காதில் விழாமலே போயிருக்கும். எத்தனை பேர் சொன்ன எத்தனை நல்ல பேச்சை, பதில் தேடுகிற அவசரத்தில் நான் தொலைத்திருக்கிறேன் என்று பேல்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் தெரிந்தது.

ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் மினுங்கல் குறைந்தது, பருக்கள் அப்படியே இருந்தன. எனக்குப் பொறுமை போய், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து எரிச்சலில் துள்ளினேன். அக்கா இரண்டு நாள் மண்ணே தரவில்லை. "அடுப்புல வச்சது வேகுற வரைக்கும் பொறுத்தவனுக்கு ஆறுற வரைக்கும் பொறுக்கல" என்று அந்தப் பெண்ணிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். புரட்டாசி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு திருவண்ணாமலை உண்டு. அங்கே மலைமேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் பஸ் கொள்ளாத கூட்டம். மூன்றாவது சனிக்கிழமை அந்த நெரிசலில் தொங்கிக்கொண்டு வந்தவன், கம்பியில் சாய்த்த நெற்றி வலிக்கவில்லை என்று கவனித்தேன். புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. பழைய தழும்புகள் மட்டும் கறுத்துக் கிடந்தன.

ஆனால் முதலாளி மேலே வந்து பார்ப்பதாயில்லை. கீழே என் மேசையில் புதிதாக ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்தது. "அவன் வாயில கொழுக்கட்டைய வச்ச மாரி நிக்கான்" என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். அன்று பேச்சுத் துணை என் முறை. அவர்கள் இருவரும் மண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மணி இரண்டரைகூட ஆகவில்லை, படியில் முதலாளியின் செருப்புச் சத்தம். லாரி வருவதாகச் சொல்லி அன்று தூங்காமல் வந்துவிட்டார். மண் தகடுகளுக்குள் நான்கு கண்களும் பெரிதாயின. உரிக்க நேரமில்லை. கையில் அகப்பட்ட மயில்கண் கரை வேட்டியை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடினேன்.

பாதிப் படியில் அவரை மறித்து, வேட்டியை விரித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். "மொதலாளி, இந்தக் கரையப் பாத்தீகளா? கட்டுனவன் நடந்தா கரை முன்னால போவும், ஆளு பின்னால வருவான். பந்தியில ஒக்காந்தா எலையப் பாக்க மாட்டாக, இவன் இடுப்பத்தான் பாப்பாக…" ஒன்றரை மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சு. வாங்க வந்த சம்சாரி என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று இரண்டு குரலிலும் நானே பேசினேன். பின்னால் ஈரக் கையால் தட்டும் சத்தம் கேட்டது. குரலை இன்னும் உயர்த்தினேன்.

முதலாளி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரேய், என் வேட்டிய எங்கிட்டயே விக்கியா?" என்றார். பிறகு என் தாடையைப் பிடித்து, படி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"தெளிஞ்சிருச்சேடா. நாளையிலருந்து கீழ நில்லு."

தோளில் கிடந்த வேட்டியை எடுத்து மடித்தேன். அவர் திரும்பி இறங்கப்போனவர், "மேல இருக்க ரெண்டு பேரையும் நிதானமாக் கழுவிட்டு வரச் சொல்லு. கொழாயடியில தெனம் மண்ணு கெடக்கு, நான் என்ன குருடனா? துணியில படாத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

மேசைக்குத் திரும்பிய நாலாம் நாள் தீபாவளிக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கூட்டத்துக்குள் அந்த அம்மா. கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளைக்குத் தலைத்தீபாவளி வேட்டி எடுக்க வந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் நாலு வேட்டி விரித்து, நாலு பேச்சும் பேசி முடித்தபின் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் தம்பி, இங்க அம்மை வந்த பய ஒருத்தன் நின்னானே. தேவலையாயிட்டானா?"

ஒன்றரை மாதமாக மனதுக்குள் நான் வைத வசவுக்கெல்லாம் சொந்தக்காரர் அவர்.

"தேவலையாயிருச்சும்மா. நல்லா இருக்கான்."

"அப்பாடா. அன்னைக்கு அந்தப் புள்ளைய விட்டுட்டுப் போனது எனக்கு மனசே கேக்கல. அவனுக்காக மாரியாத்தாளுக்கு ஒரு மஞ்சப்பொடி பொட்டணமும் தேங்காயும் நேந்துக்கிட்டேன். வார வெள்ளிக்கிழம செலுத்திருதேன்."

மறுபடியும் மஞ்சளா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எதிரே ரவிக்கைத் துணி கிழிக்கும் அக்காவும், சேலைக் குவியலுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அந்தப் பெண்ணின் காதோரத்தில் மத்தியான மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. என் காதைத் தொட்டுக் காட்டினேன், துடைத்துக்கொண்டாள். பிறகு வேட்டியைப் பொட்டலம் கட்டி, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.