மாப்பிள்ளை எறிந்த பொட்டலம்

என் நாட்குறிப்பில் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமைக்கு எதிரே இவ்வளவுதான் இருக்கிறது: "திக்லிபூரிலிருந்து பஸ். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் மாப்பிள்ளை மேல் புகார் கொடுத்தேன்."

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். மதுரையிலிருந்து நான் இருக்கும் தீவைப் பார்க்க இருவரும் வந்திருந்தார்கள், மறுநாள் விமானம். வெளியாரோடு கலக்காமல் வாழும் பழங்குடியான ஜாரவா மக்களின் காட்டு வழியே வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகவேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. அந்த அறிவிப்புப் பலகையை நானே மாப்பிள்ளைக்கு வாசித்துச் சொன்னேன். ஒரு வளைவில் பஸ் வேகம் குறைந்தபோது ஒரு தாயும் குழந்தையும் சாலையோரம் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னல் வழியே எறிந்தார். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள்.

காட்டின் மறுமுனையில் சாவடி வந்ததும் எழுந்தேன். டிரைவருக்கு என் நோக்கம் புரிந்துவிட்டது.

"சார், கம்ப்ளெயின்ட் குடுத்தா காடி இங்கயே பந்த், பஸ் நகராது. சோட்டா பாத், சின்ன விஷயம், விடுங்க."

மாப்பிள்ளைக்கு வேடிக்கையாக இருந்தது. "என்ன மச்சான், பசிச்ச புள்ளைக்கு பிஸ்கட் போட்டா ஜெயிலா? உங்க சட்டத்துக்கு மனசாட்சியே கிடையாதா?"

"பசிக்குதுன்னு அது உங்ககிட்ட சொல்லிச்சா மாப்பிள்ளை?"

தங்கை என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு இறங்கினேன்.

சட்டத்தையும் அறத்தையும் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் மனசாட்சியின் பக்கம் நின்று கெட்ட சட்டத்தை எதிர்த்தவர்களின் கதைகள். அன்று மனசாட்சி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மிருகக்காட்சிசாலையில் எறிவதுபோல் எறிந்தது. நம் பொட்டலத்தோடு நம் நோயும் போகும், சாலையோரம் கையேந்தி நிற்கும் பழக்கமும் போகும். சட்டமே இல்லாவிட்டாலும் அது தவறுதான். ஆனால் சொந்தக்காரரைத் தட்டிக்கேட்க எனக்குச் சட்டம் வேண்டியிருந்தது.

வழக்குப் பதிவானது, மறுநாள் விமானம் அவர்கள் இல்லாமலே போய்விட்டது. தங்கை அதன்பின் என்னோடு பேசவில்லை. அவள் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் நான் இருக்க, வேறு யார் மடியிலோ குழந்தையை உட்காரவைத்தார்கள். அந்தத் தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன். நாளைக்கே அதே பஸ்ஸில் ஏறினாலும் அதே சாவடியில் இறங்குவேன்.

போலீஸ்காரரின் ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை: பொட்டலம் குழந்தையின் கைக்குப் போனதா? போனது என்றாள் தங்கை. பள்ளத்தில் விழுந்துவிட்டதென்று எழுதிக்கொடுத்தார் மாப்பிள்ளை. நான் பார்க்கவில்லை. இது இன்னும் உறுதியாகவில்லை.